கடைசிப் பெயர்

எர்ணாவூர் தாண்டினதும் பஸ் நின்றது. நின்றது நின்றதுதான். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் போட்டுச் சாய்ந்துவிட்டார். சுகந்திக்கு இன்றைக்கு ஜன்னல் சீட்டு கிடைத்ததே பெரிய யோகம். அந்த யோகமும் எவ்வளவு நேரத்துக்கு, கன்டெய்னர் லாரி ஒன்று இடது பக்கமாக வந்து உரசுகிற மாதிரி நின்று, கடல் தெரிய வேண்டிய இடத்தில் துருப்பிடித்த சிவப்புத் தகரத்தை நிறுத்திவிட்டது. அதற்கு முன்னால் ஒரு லாரி, அதற்கும் முன்னால் ஒன்று, துறைமுகத்து வாசல் வரைக்கும் இதே வரிசைதான். "இன்னா நேரமாவும் கண்டக்டரே?" என்று பக்கத்து சீட்டு அம்மா கேட்டாள். கூடையில் வேர்க்கடலை, அவள் பாஷையில் மல்லாட்டை, வைத்திருந்தாள். "அத்த லாரியாண்ட கேளும்மா" என்றான் கண்டக்டர். சுகந்தியின் மடியில் பை, பைக்குள் லேப்டாப், கையில் போன், போனில் அவளுடைய ஆராய்ச்சி கைடு மைதிலி மேடத்தின் செய்தி. 'நாலாவது சாப்டரை எடுத்தாச்சா? கம்பெனிக்காரங்க வந்துட்டாங்க. எடுத்தாச்சுன்னா ஒரு வருஷ நீட்டிப்புக்கு இன்னிக்கே கையெழுத்து. ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தை.' படித்துவிட்டாள் என்பது அந்தப் பக்கம் நீலமாகத் தெரிந்திருக்கும். படிக்காத மாதிரி இருக்கிற வசதியைக்கூடப் பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள். 'இல்லை மேடம்' என்று அடித்தாள், அழித்தாள். 'ஆமா' என்று அடித்தாள். அந்த வார்த்தை திரையில் கிடந்ததைப் பார்க்கவே வாய் கசந்தது, அதையும் அழித்தாள். பஸ் இப்படி நிற்பது நல்லதுதான் என்று ஒரு கணம் தோன்றியது. நின்றுகொண்டே இருந்தால் பதில் சொல்ல வேண்டாம். அப்புறம் லாரி டிரைவர் ஒருவன் கதவைத் திறந்து இறங்கி, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து முகம் கழுவிக்கொண்டதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த லாரியெல்லாம் எதற்கு நிற்கிறது என்று இந்தப் பஸ்ஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், காகிதத்துக்கு. வாசலில் காகிதம் பார்க்கிறான். சீல் பார்க்கிறான், நம்பர் பார்க்கிறான், ஒரு காகிதம் வந்து சேரவில்லை என்றால் லாரி ஓரங்கட்டி நிற்கிறது, பின்னால் எர்ணாவூர் வரைக்கும் ஊரே நிற்கிறது. இந்தக் காகிதத்தை ஒழிப்பதற்குத்தான் சுகந்திக்குச் சம்பளம். சம்பளம் என்று சொல்லக்கூடாது, மேடம் திருத்துவாள், ஃபெலோஷிப். பணம் போடுவது காகிதத்துக்குப் பதில் கம்ப்யூட்டர் பதிவு விற்கிற ஒரு கம்பெனி. அவளுடைய பிஎச்.டி. திட்டத்தின் தலைப்பு ஆங்கிலத்தில் மூன்று வரி. தமிழில் சொன்னால் கப்பல் சட்டத்தையும் பிளாக்செயினையும் எப்படிக் கட்டிவைப்பது என்பதுதான் சங்கதி. ஜாதகம் பொருந்துகிறதா என்று பார்க்க நாலு வருஷம். அம்மா அக்கம்பக்கத்தில் "பாப்பா கப்பலுக்குப் படிக்குது" என்று சொல்லி வைத்திருக்கிறாள், எதிர்வீட்டு அக்கா ஒருநாள் "எப்ப கண்ணு கப்பல் ஏறப்போற?" என்று கேட்டாள். ஏறப்போவது யாரும் இல்லை. ஒரு சீட்டு. சரக்கைக் கப்பலில் ஏற்றினதும் கப்பல்காரன் எழுதிக் கொடுக்கிற சீட்டு, பில் ஆஃப் லேடிங் என்பார்கள். அது எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் சரக்குக்குச் சொந்தக்காரன். அக்கரையில் அதை நீட்டினால்தான் சரக்கு வெளியே வரும். இருநூறு முன்னூறு வருஷமாக உலகம் இந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வியாபாரம் பண்ணியது. இப்போது காகிதம் வேண்டாம், பிளாக்செயின் போதும், எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் ஒரே பதிவு, ஒருத்தராலும் அழிக்க முடியாத பதிவு, போலி கிடையாது, திருட்டு கிடையாது. கையில் இல்லாத ஒன்றைக் கைவசம் இருக்கிறது என்று சட்டம் ஒத்துக்கொள்ளுமா? முதல் மூன்று சாப்டரில் இதைத்தான் கிழித்தாள். கம்பெனிக்காரர்களுக்குக் கொள்ளை சந்தோஷம், ஓட்டலில் சாப்பாடெல்லாம் போட்டார்கள். நாலாவது சாப்டரில் வேதநாயகம் வந்தார், அதோடு சாப்பாடு நின்றது.

கி. வேதநாயகம், காசிமேட்டில் சின்னதாக ஓர் ஏற்றுமதி ஆபீஸ், சொந்த ஊர் தூத்துக்குடி, முப்பது வருஷமாகச் சென்னையில் இருந்தும் பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை. மலேசியாவில் கிள்ளானுக்கு சின்ன வெங்காயம் அனுப்புகிறவர். கம்பெனியின் சோதனைத் திட்டத்தில் சேரச் சொல்லி அவரைப் பிடித்தார்கள், அவரும் சேர்ந்தார். சேருகிறபோது பதிவுப் பக்கத்தில் இரண்டு கட்டம். முதல் பெயர் ஒன்று, கடைசிப் பெயர் ஒன்று. மனுஷன் யோசித்திருக்கிறார். கி. வேதநாயகம். முதலில் வருவது எது? கி. கி என்றால் யார்? கிருபை, அவருடைய அப்பா. முதல் பெயர் கட்டத்தில் கிருபை என்று போட்டார், கடைசிப் பெயர் கட்டத்தில் வேதநாயகம் என்று போட்டார். "மொதல்ல வாரது அப்பா பேருதான டாக்டரம்மா, நம்ம எழுதுத வழக்கம் அதான?" என்று சுகந்தியைக் கேட்டார், பட்டம் வருமுன்பே அவருக்கு அவள் டாக்டரம்மா. அதில் என்ன தப்பு, தமிழ்நாட்டில் எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். ஆனால் பாஸ்போர்ட்டில் அவர் வேறு மாதிரி இருக்கிறார், அங்கே அப்பா பின்னால். சரக்கு ஏறியது, சீட்டு பதிவானது, கிள்ளான் வியாபாரிக்கு அதை மாற்றிக் கொடுக்கப் போனபோது இயந்திரம் கேட்டது, நீ யார்? பதிவில் இருப்பது கிருபை. பாஸ்போர்ட்டோடு வந்து நிற்பது வேதநாயகம். நீ வேறே, அவன் வேறே. காகிதமாக இருந்தால் ஏஜென்ட் ஒரு கோடு கிழித்து, மேலே சரியான பேரை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு, ஒரு சீல் குத்தியிருப்பான், டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும். இதில் கோடு கிழிக்க முடியாது. கோடு கிழிக்க முடியாது என்பதுதானே இதன் பெருமை. திருத்தம் வேண்டுமென்றால் பதிவில் இருக்கிற உரிமையாளர் தன் அடையாளத்தோடு வந்து சம்மதிக்க வேண்டும் என்று கம்பெனி எழுதியது. பதிவில் இருக்கிற உரிமையாளர் கிருபை. கிருபை தூத்துக்குடிக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். கிள்ளானில் வெங்காயம் முளைத்தது, அப்புறம் அழுகியது, அதை அள்ளிக் கொட்டின கூலியும் இவர் தலையில் விழுந்தது. "எங்கப்பா உசிரோட இருக்கையில ஒரு சைக்கிள்கூட அவர் பேர்ல கெடையாது" என்று சொல்லிவிட்டு வேதநாயகம் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சிரிக்க என்ன இருக்கிறது என்று அன்றைக்கு அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு யோசித்தால் அவளும் சிரித்தவள்தான், இதே கட்டத்தில் விழுந்தவள்தான். அவளுடைய முதல் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தபோது அவள் சரியாகப் போட்டாள், படித்தவள் அல்லவா. முதல் பெயர் சுகந்தி, கடைசிப் பெயர் பக்கிரிசாமி, அப்பா பேர். அங்கே கடைசிப் பெயர்தான் ஆளுக்குப் பெயர். அதற்குப் பிறகு உலகத்தில் எவன் அந்தக் கட்டுரையை எடுத்துப் பேசினாலும், பக்கிரிசாமி வாதிடுகிறார், பக்கிரிசாமி மறுக்கிறார், பக்கிரிசாமியின் நுட்பமான பார்வை. நார்வேயில் ஒருத்தன் எழுதியிருந்தான், வசம் என்ற கருத்தைப் பக்கிரிசாமியைப் போல் யாரும் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை என்று. பக்கிரிசாமி. எந்தப் பக்கிரிசாமி? இரும்பு ஃபவுண்டரியில் வேலை பார்த்துக்கொண்டு, வீட்டில் எது நடந்தாலும் "பாத்துக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற பக்கிரிசாமி. மழைக்கு ஓடு ஒழுகுகிறது என்றால் பாத்துக்கலாம். அம்மாவுக்கு ஜுரம் இறங்கவில்லை என்றால் பாத்துக்கலாம். 'பாத்து' என்பதைக் கொஞ்சம் இழுத்து, 'கலாம்' என்று வரும்போது குரலை இறக்கிவிடுவார், ஏதோ பெரிய தைரியம் சொல்கிற மாதிரி. அவளுக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றைக்கும் அதைத்தான் சொன்னார். தலையைக்கூடத் தடவினார். சட்டையை மாட்டிக்கொண்டு போனவர்தான், பிறகு கும்மிடிப்பூண்டியில் இன்னொரு வீட்டு வாசலில் ஈசிசேரில் உட்கார்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. அந்த ஆள் இன்றைக்குக் கப்பல் சட்ட நிபுணர். பேரை மாற்றிக் கொடுங்கள் என்று பத்திரிகைக்கு எழுதிப் பார்த்தாள். ஒருமுறை வெளியான பதிவை மாற்றுவது எங்கள் மரபில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. வேதநாயகம் தப்பாகப் போட்டு சரக்கைத் தொலைத்தார், அவள் சரியாகப் போட்டு பேரைத் தொலைத்தாள். இதை நாலாவது சாப்டரில் ஓர் அடிக்குறிப்பாகப் போட்டிருந்தாள், ரொம்பச் சொந்த விஷயம் என்று அதை மேடம் போன வருஷமே எடுக்கச் சொல்லிவிட்டாள். எடுத்தாள். முதலில் அடிக்குறிப்பு, இப்போது சாப்டர்.

மேடம் கெட்டவள் என்று சொல்லிவிட முடிந்தால் எவ்வளவோ நிம்மதி. அதுவும் முடியவில்லை. போன வாரம் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதம் எடுத்து மூடியில் வைத்து நீட்டினாள். "சாப்பிடு. சாப்பிட்டுட்டுக் கேளு. நீ எழுதினது தப்புன்னு நான் சொல்லவே இல்ல சுகந்தி." "பின்ன ஏன் மேடம்?" "சரிங்கறதுக்காக எல்லாத்தையும் எழுதிட முடியுமா? அவங்க காசுல அவங்களையே திட்டணுமா? சொந்தக் காசுல திட்டிக்கோ, நானே வந்து கைதட்டறேன்." சுகந்தி பருப்பை ஓரமாக ஒதுக்கினாள். "வேதநாயகம் சாரோட வக்கீல் இந்த சாப்டருக்காகக் காத்துக்கிட்டிருக்காரு மேடம். பல்கலைக்கழகத்துல ஏத்துக்கிட்ட ஆராய்ச்சின்னு காட்டினா அவருக்கு நஷ்டஈடு கிடைக்க ஒரு பிடி இருக்குன்னு சொல்றாரு. நான் எழுதறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்." ஜன்னலுக்கு வெளியே யாரோ மோட்டார் போட்டார்கள், தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "உங்கம்மாவுக்கு என்ன வாக்குக் குடுத்திருக்க?" என்றாள் மேடம். அவ்வளவுதான் கேட்டாள். எலுமிச்சை சாதம் நன்றாக இருந்தது, அதுதான் அவமானம், முழுசும் சாப்பிட்டாள்.

லாரி ஓர் அடி நகர்ந்தது. பஸ் இன்ஜின் உறுமி, பஸ்ஸும் ஓர் அடி நகர்ந்து மறுபடி நின்றது. காற்று திரும்பினபோது கருவாட்டு வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து அடித்தன. இந்தத் தகரப் பெட்டிக்குள் என்ன இருக்கும், வெங்காயமாக இருக்குமா, மூடின பெட்டிக்குள் ஒன்று முளைக்க ஆரம்பித்தால் வெளியே யாருக்குத் தெரியும். எடுத்துவிடலாம், எடுத்துவிட்டு, பட்டம் வாங்கின பிறகு புத்தகமாகப் போடும்போது சேர்த்துக்கொள்ளலாம். முடியாது. திட்டத்தில் சேகரித்தது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறாள், சட்டம் படித்தவள் வாசிக்காமலா போட்டாள், வாசித்துவிட்டுத்தான் போட்டாள். அந்தத் தாளிலும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருந்தது. வேறு பேரில் எழுதினால்? வேதநாயகத்தை ஒரு ஏற்றுமதியாளர் என்று மட்டும் சொன்னால்? அப்போது வக்கீலுக்கு அது எதற்கு, யாரோ ஒரு ஏற்றுமதியாளரின் வெங்காயம் அழுகினதற்கு இவருக்கு எவன் நஷ்டஈடு கொடுப்பான். எடுக்க மாட்டேன் என்று சொன்னால்? நீட்டிப்பு இல்லை. நீட்டிப்பு இல்லாவிட்டால் பட்டம் இல்லை, முப்பத்திரண்டு வயதில் கையில் ஒன்றும் இல்லை, கைவசம் ஒன்றும் இல்லை, அதைப் பற்றித்தான் மூன்று சாப்டர் எழுதியிருக்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி வீட்டு வேலைக்குப் போகாதே என்று வீராப்பாகச் சொல்லி நிறுத்தினவள் இவள்தான். இன்றைக்குக் காலையில் அம்மா சேலைத் தலைப்பால் அவள் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தாள். பெரிய மனுஷங்க வருவாங்க, தூசி இருக்கக்கூடாது என்றாள். ஏன் அப்படி வைத்தாள். வைக்காமல் இருந்திருந்தால் இல்லை என்று அடிக்கக் கை வந்திருக்குமோ என்னவோ. "இன்னா கண்ணு, மூஞ்செல்லாம் வேர்த்துகினுகீது" என்று பக்கத்து அம்மா கூடையிலிருந்து மல்லாட்டையை ஒரு கை அள்ளி நீட்டினாள். "பரீட்சையா?" "ஆமாம்மா." "பாஸாயிடுவ போ. ஒன் மூஞ்சே சொல்லுது." சுகந்தி மல்லாட்டையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள், உடைக்கவில்லை.

போன் அதிர்ந்தது. மேடம் மறுபடியும். 'ரூம்ல எல்லாரும் உக்காந்தாச்சு. சுகந்தி?' வெறும் பேரும் ஒரு கேள்விக்குறியும். பேர் சரியாக இருந்தது, சுகந்தி என்றே இருந்தது. யாரோ தோளைத் தட்டி நீதானே என்று கேட்கிற மாதிரி இருந்தது, நானில்லை என்று சொல்லிவிடத் தோன்றியது. லேப்டாப்பைத் திறக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நாலாவது சாப்டர் இல்லாமல் ஒரு பிரதி போன வாரமே தயார் பண்ணி வைத்துவிட்டாள், எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டுப் போன அன்றைக்கே. ஐந்தாவதை நாலாவதாக்கி, பொருளடக்கத்தில் நம்பரெல்லாம் மாற்றி, எங்கெல்லாம் வேதநாயகம் என்று வருகிறதோ தேடித் தேடி எடுத்து. இதை இவ்வளவு நேரம் தனக்கே சொல்லிக்கொள்ளாமல் இருந்ததை நினைத்தால் கேவலமாக இருந்தது. எர்ணாவூரிலிருந்து இந்த லாரி வரைக்கும் ஓட்டின நாடகமெல்லாம் யாருக்கு, பக்கத்தில் இருக்கிற மல்லாட்டை அம்மாவுக்கா. 'எடுத்தாச்சு மேடம்' என்று அடித்தாள். அனுப்பினாள். ஒரு டிக், இரண்டு டிக், நீலம். இப்போதும் அழிக்கலாம், எல்லாருக்கும் நீக்கு என்று ஒரு வழி இருக்கிறது, வேதநாயகத்துக்குக் கிடைக்காத வழி. விரல் அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது, கூடவே ஒரு வரி. 'முகப்புப் பக்கத்துல கடைசிப் பேர் முன்னாடி வரட்டும், வெளிநாட்டு எக்ஸாமினர் போட்டிருக்கோம்.' சரி என்று அதற்கும் பதில் போட்டாள்.

போனைப் பையில் போடுவதற்குள் மணி அடித்தது. வேதநாயகம். எடுக்காமல் விடலாம் என்று நினைத்துக்கொண்டே எடுத்துவிட்டாள். "டாக்டரம்மா, போய்ச் சேந்துட்டியளா?" "இல்லண்ணாச்சி, வழியில டிராஃபிக்." "ஆமா, லாரி நிக்கும். நல்லாப் பண்ணுங்க, இன்னைக்குக் கோயில்ல ஒங்களுக்கும் சேத்து மெழுகுத்திரி கொளுத்திட்டு வந்தேன். வக்கீல் கேட்டுக்கிட்டே இருக்காரு, அந்த நாலாவது பாகம் எப்பம்மா கைக்கு வரும்னு. எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்க. எம் பேரு சரியா ஏறியிருக்கது ஒலகத்துல அது ஒண்ணுதான், பாத்துக்கிடுங்க." அந்தப் பக்கம் அதே சிரிப்பு. சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு, அது இல்லை அண்ணாச்சி, எடுத்துவிட்டேன், வக்கீலிடம் வேறு வழி பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவுதான், ஒரே வரி, அவராவது வீணாகக் காத்திருக்காமல் இருப்பார். வாயைத் திறந்தாள். "பாத்துக்கலாம் அண்ணாச்சி" என்றாள். "அது போதும் தாயி, நீங்க சொன்னா எனக்குப் போதும்" என்று அவர் வைத்துவிட்டார். போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். 'பாத்து' என்பதில் அப்பாவின் அந்த இழுப்பு இருந்தது. 'கலாம்' வரும்போது குரல் இறங்கினது, தைரியம் சொல்கிற மாதிரி, தலையைத் தடவிக் கொடுக்கிற மாதிரி. யாரும் கற்றுக் கொடுக்கவில்லை, தானாக வந்தது. முன்னால் லாரிகள் நகர ஆரம்பித்தன, சிவப்புத் தகரம் விலகி ஜன்னலில் வெயில் அடித்தது, பக்கத்து அம்மா கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டு "அப்பாடா, வழி வுட்டான்" என்றாள். சுகந்தி கையிலிருந்த மல்லாட்டையை ஜன்னல் வழியே போட்டாள். அந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் பக்கிரிசாமி என்று பேரைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.